கனடாப் போத்தலும் உங்கள் கடைசிக் கிழமையும்

என்னைச் சந்தேகப் பிராணி என்று செல்லமாகத் திட்டிய என் அப்பாவுக்கு,

அந்தப் பெயருக்கேற்ற வேலைதான் எனக்கு இப்போது கிடைத்திருக்கிறது. ஆய்வுகூடத்தில் எலிகளுக்கு வீக்கமும் நோவும் குறைக்கும் மருந்தைக் கொடுத்து, இரத்தத்தில் உப்புகள் கூடுகின்றனவா என்று பார்க்கிறேன். "எலிக்கு உப்புப் பார்க்கவோ உன்னைப் படிப்பிச்சனான்?" என்று கேட்டுச் சிரித்திருப்பீர்கள்.

அப்பா, இந்த நோவு மருந்துக் குளிசைகள் சிறுநீரோடு போகவேண்டிய பொட்டாசியம் என்ற உப்பைச் சிலரின் உடம்பில் தேக்கிவிடும். பிரஷருக்குப் போடும் சில குளிசைகளும் அப்படித்தான். அளவு மீறினால் கைகால் சோரும், இதயமே நின்றுவிடலாம். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு உங்கள் கடைசிக் கிழமையின் அந்த ஏழு நாட்கள்தான் நினைவு.

நீங்கள் பிரஷர் குளிசை போட்டீர்கள். முழங்கால் நோவுக்கு, அண்ணை கனடாவிலிருந்து கொண்டுவந்த பெரிய போத்தலிலிருந்தும் போட்டீர்கள். வெங்காயத் தோட்டத்தில் கால் சோர்ந்து கீழே இருந்துவிட்டபோது, வெயில்தான் என்று அம்மா செவ்விளநீர் வெட்டித் தந்தார். அதிலும் பொட்டாசியம் நிறைய. ஆஸ்பத்திரிக்குப் போகமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். இரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை. உண்மையில் எது, அப்பா? குளிசையா, இளநீரா, வெறும் மாரடைப்பேதானா?

போன மாதம் அம்மா நல்லூர்த் தேருக்குப் போய், எப்போதும் நோகும் முழங்காலைப் பிடிக்காமல் நடந்து வந்தார். எனக்கு உடனே பொறி தட்டியது.

"இப்ப நோகேல்லையோ அம்மா?"

"இல்லைப் பிள்ளை. எல்லாம் முருகன் செயல்."

சாமியறையில் முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டேன். எறியச் சொல்லி நான் கெஞ்சிய அதே கனடாப் போத்தல், பாதி காலி. அம்மாவுக்கும் பிரஷர் இருக்கிறதே!

"உன்ரை அண்ணை பாசத்திலை கொண்டுவந்தது. எப்பிடியடி எறியிறது?" என்று அழுதார். அழ அழ டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பொட்டாசியம் கூடுதலாகத்தான் இருந்தது. குளிசையை நிறுத்தியதும் இறங்கிவிட்டது. நிம்மதியில் அழுதேன், பிறகு உங்களை நினைத்தும் அழுதேன்.

நேற்று அண்ணை தொலைபேசியில் பேசினார். "வாற மாதம் வாறன். அம்மாவுக்கு அந்தக் குளிசை ரெண்டு போத்தல் கொண்டு வரட்டோ?"

"வேண்டாம் அண்ணை. அம்மாவுக்கு அது கூடாதாம்."

அண்ணை கேட்டார்: "அப்பாவும் அதைத்தானே போட்டவர்?"

"அப்பாவுக்கு மாரடைப்பு, அண்ணை," என்றேன். டொக்டர் சொன்னதைத்தான் சொன்னேன். ஆனால் சந்தேகமே இல்லாதவள்போல நான் ஒன்றைச் சொன்னது அதுதான் முதல்முறை.

என் சந்தேகத்தை அண்ணையின் தலையில் ஏற்றமாட்டேன், அப்பா. அது உங்களுக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும். ஆனால் அவர் வந்து பெட்டியைத் திறக்கும்போது நான் பக்கத்திலேயே நிற்பேன். மடித்து வைத்த சட்டைகளுக்குள்ளும் கைவிட்டுப் பார்ப்பேன்.

இன்னும் யாரையும் நம்பாத,
உங்கள் சின்ன மகள்