பலகைக்கு வராத காக்கை

நவம்பர் 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துவைத்த துணி இன்னும் கொடியிலேயே. வீடு முழுக்க ஈர வாடை.

இவர் ஏழு மணிக்கே ஆஸ்பத்திரிக்கு. கூலிகளின் லயத்து வீடுகளில் காய்ச்சல் அதிகம். மருந்து கலக்கிக் கட்டுப்போடும் தோட்டத்து டிரஸர் வேலை என்றால் மழைக்காலத்தில் மூச்சுவிட நேரமில்லை. வெறும் காபியோடு போனார். தோசை வேண்டாமாம்.

பலகைக்கு இன்று வந்தவர்கள்: கொண்டைக்குருவி இரண்டு, மைனா ஒரு கூட்டம், மணிப்புறா, அணில் (விரட்டினேன்). வராதவர்: காக்கை.

பின்னால் படித்தால் எனக்கே புரியாது, கொஞ்சம் விளக்கமாக எழுதி வைக்கிறேன். ரம்புத்தான் மரத்தடியில் இவர் அடித்து வைத்த பலகை அது. பட்சிகளைப் படம் பிடிக்க. பப்பாளியும் பழமும் வைப்பார். முக்காலியில் காமிரா, அதன் விசையில் நூல், நூலின் மறுமுனை ஜன்னலுக்குள் இவர் கையில். குருவி வந்து உட்கார்ந்ததும் ஒரு இழுப்பு. ரப்பர் விலை விழுந்து ஊருக்குப் போன துரை விற்றுவிட்டுப் போன காமிரா. குழந்தையைத் துடைப்பது போலத் துடைப்பார். நான் தொடக்கூடாது.

தீபாவளிக்கு முன்னால் மாயவரத்திலிருந்து கடிதம். மாமனார் காலமாகிவிட்டார். கடிதம் வருவதற்குள் அங்கே இவர் தம்பி எல்லாக் காரியமும் முடித்தாயிற்று. அன்றிலிருந்து தினம் மத்தியானம் பலகையில் ஒரு கவளம் சோறு வைத்து, கா, கா என்று கூப்பிடுகிறார். குடைகூட இல்லாமல். காக்கை எடுத்தால்தான் இவர் சாப்பிடுவாராம். மலாயாவின் இந்த உள்காட்டில் காக்கை ஏது? மைனா தின்றுவிட்டுப் போகிறது. இவருக்கு ராத்திரி அரைக் கிண்ணம் கஞ்சி. காமிரா அலமாரி மேல், துண்டு போர்த்தி.

எனக்குச் சண்டை போடத் தெரியும். துக்கத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

நவம்பர் 9, புதன்

மழை. புளி தீர்ந்தது. மண்ணெண்ணெய் வாங்கவேண்டும்.

வேலிக்கு அப்பால் மலாய்க்காரர் கம்பத்து வீட்டு மக் லீமா ஒரு கை கீரை கொண்டுவந்தார். “உன் வீட்டுக்காரர் தினமும் யாரைக் கூப்பிடுகிறார்? நானும் எட்டி எட்டிப் பார்க்கிறேன், ஒருவரும் வருவதில்லையே” என்று மலாயில் கேட்டார். காக்கையை என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. கீரைக்கு மேல் இரண்டு முட்டையும் வைத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷி.

இவருடைய சட்டை தோளில் நிற்கவில்லை. ஹேங்கரில் மாட்டியது போல இருக்கிறது.

நவம்பர் 12, சனி

வெயில்! துணி, மிளகாய், பாய், தலையணை எல்லாம் முற்றத்தில்.

வேண்டுமென்றே காமிராவை எடுத்து முக்காலியில் வைத்தேன். தொடக்கூடாதாம், தொட்டேன். “யாரு எடுத்தது?” என்றார். “பூனை” என்றேன். நம்மிடம் பூனை இல்லை. திட்டக்கூட இல்லை, அப்படியே திரும்பிப் போனார். அதுதான் வலித்தது.

ஆனால் சாயங்காலம் மாங்குயில் வந்தது. வருஷா வருஷம் இந்த மழை மாதங்களில் வடக்கிலிருந்து வருகிற பட்சி. மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள். பழத்தில் வந்து உட்கார்ந்ததுதான் தாமதம், மனுஷன் பூனைநடையாக ஓடி ஜன்னலில் குந்தி நூலை இழுத்துவிட்டார். ‘டிக்’.

“விழுந்துருச்சு அஞ்சலை! தலைய இப்பிடிச் சாய்ச்சு நின்னுச்சு பாரு, அப்ப!”

“படத்துல மஞ்சள் விழாதே.”

“நமக்குத் தெரியுமே, மஞ்சள்னு.”

எத்தனை நாளைக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தார். அந்த முகத்துக்காகத்தான் இந்த ஆளைக் கட்டினேன். அடுத்த நிமிஷம் ஏதோ தப்புச் செய்த மாதிரி எழுந்து போய்விட்டார்.

இரவு. தூக்கமில்லை. யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். எங்கள் கல்யாணத்துக்கு ஊரிலிருந்து மாமனார் ஆசீர்வாதம் வரவில்லை. அவருடைய பங்காளி ஒருவர் கப்பலில் வந்திருந்தார். எங்கள் பாயசத்தைக் குடித்துக்கொண்டே, சபையில் எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: “தோட்டத்துல பொறந்த பொண்ணு. அவ கையால ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டேன்னுட்டாரு பெரியவர்.” பலகையில் தினம் இவர் வைக்கும் சோறு யார் பொங்கியது? நான். இந்தக் காட்டில் காக்கை இல்லை என்று புத்திக்குத் தெரிகிறது. வயிற்றுக்குத் தெரியமாட்டேன் என்கிறது.

நவம்பர் 13, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

“நாளைக்கு நீங்களே உலை வச்சுப் பொங்கி வைங்க.”

“ஏன், ஒனக்கு ஒடம்பு சரியில்லயா?”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். உங்க அப்பாதான் எங்கையால தண்ணிகூட வேணாம்னாருல்ல. அவரு இஷ்டப்படியே செஞ்சிருவோம். நீங்களாச்சும் ஒரு வாய் சாப்பிடுவீங்க.”

டம்ளரை டொக்கென்று வைத்தார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை, இன்று கேட்டேன்.

“நீ பொங்குனதத்தான் வைப்பேன். எடுத்தா எடுக்கட்டும். எடுக்காட்டி நானும் சாப்பிடல. யாருக்கு வீம்பு ஜாஸ்தின்னு பாத்துருவோம்!”

அடப்பாவி மனுஷா. துக்கம் என்றல்லவா நினைத்தேன்! செத்துப்போனவரோடு சத்தியாக்கிரகம் செய்யும் ஆளை நான் எங்கும் பார்த்ததில்லை. அப்பாவுக்கு அசல் பிள்ளை. சிரிப்பதா அழுவதா தெரியாமல் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

நவம்பர் 17, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தான். ஐயாவுக்கு மயக்கம், மருந்து கலக்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். ஓடினேன். “ஒண்ணுமில்ல, வெயில்” என்கிறார். வெளியே மழை கொட்டுகிறது.

இனி பொறுப்பதற்கில்லை. வேலியோரம் போய் மக் லீமாவிடம் அழுதேன். “அலமாக்! காக்கைதானே வேண்டும்? மூவார் மீன் சந்தைக்குப் போ. கால் வைக்க இடமில்லாமல் காக்கை” என்றார். மூவாருக்கு நான் எங்கே போக? ஆனால் மீன் வருகிறதே!

சாயங்காலம் சிம்பாங் ரெங்கம் சந்தை. மூவாரிலிருந்து மீன் லாரி ஓட்டிவரும் அந்தோணி அண்ணனைத் தனியே கூப்பிட்டேன்.

“காக்காயா? மீனு கேட்டிருக்காங்க, எறா கேட்டிருக்காங்க. காக்கா கேட்ட மொத ஆளு நீதான் தங்கச்சி. கொழம்புக்கா?”

விஷயத்தைச் சொன்னேன். சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். “டிரஸர் ஐயா எம்புள்ளய டைபாய்டுல பொழைக்க வச்சவரு. ஒண்ணு என்ன, ஒம்பது கொண்டாறேன்.”

ஒன்று போதும் என்றேன். உயிரோடு.

நவம்பர் 20, ஞாயிறு

மழை விட்டு விட்டு. ஜொகூர் பாருவில் படம் கழுவக் கொடுத்த பழைய சுருள் வந்தது. அரை மைனா. வாலில்லாத கொண்டைக்குருவி. பலகை மட்டும். மறுபடி பலகை மட்டும். என் கை, பழம் வைக்கும்போது. “இத ஏன் எடுத்தீங்க, நூல் தவறிருச்சா?” என்றேன். “தவறல” என்றார். அந்தப் படத்தை மட்டும் எனக்குத் தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தெரியாதாமே எனக்கு!

சோறு: மைனா. காக்கை இல்லை. கஞ்சியும் பாதிதான்.

நவம்பர் 24, வியாழன்

வந்துவிட்டது!!

கோழிக் கூடையில், மேலே சாக்கு கட்டி. ஒரே மீன் நாற்றம். அந்தோணி அண்ணன் கையெல்லாம் கொத்துக் காயம். “தங்கச்சி, ஒங்க மாமனாரு ரொம்பக் கோவக்காரரா?” என்றார். ஆமாம் அண்ணே, ரொம்ப.

இவருக்குத் தெரியாமல் மக் லீமாவின் கோழிக்கூண்டில் அடைத்தோம். கோழிகள் வாசலில், காக்கை உள்ளே. அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. அதுவரை காப்பாற்றவேண்டும். சோறு வைத்தேன், காலால் தட்டிவிட்டது. மக் லீமா கருவாட்டுத் துண்டை நீட்டினார், கையிலிருந்தே பிடுங்கிற்று. என் கைச் சோறுதான் ஆகாது போல.

நவம்பர் 26, சனி

குட்டு உடைந்தது. விடியற்காலை கூண்டிலிருந்து அது ஒரு கத்து கத்தியது. இவர் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்து, கைலியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார். மரம் மரமாக அண்ணாந்து பார்க்கிறார். மழைத் தண்ணீர் முகத்தில் வழிகிறது. “அப்பா” என்று ஒரு தடவை மெதுவாகச் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு, “கோழிக்கூண்டுலயா?” என்றார்.

“வேற எங்க வைக்கிறது?”

“அப்பா கோழி வாடையே ஆகாதும்பாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, என் தலையில் கை வைத்தார். “புடிச்சு அடைச்ச காக்கா திங்கறது கணக்குல சேராது அஞ்சலை. நாளைக்குத் தொறந்து விட்ருவோம். அதுவா வந்தா வரட்டும்.”

அந்த நேர்மையைத் தூக்கி அடுப்பில் போட.

நவம்பர் 27, ஞாயிறு. அமாவாசை

ராத்திரி எழுதுகிறேன்.

காலையில் மழை இல்லை, மூட்டம். குளித்து ஈரப் புடவையோடு சமையல். வாழைக்காய், பூசணி, பருப்பு, வடை, பாயசம். இவர் எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்தார். காமிராவை முக்காலியில் வைத்து, நூலை என் கையில் கொடுத்தார். “பலகையில எறங்குனா இழு. ஒரு படந்தான் பாக்கி இருக்கு.” என்னை நம்பிக் கொடுத்தார்!

மக் லீமா கூண்டைத் திறந்தார். காக்கை நேரே ரம்புத்தான் உச்சிக்கு. கொண்டைக்குருவிகளும் மைனாக்களும் தங்கள் இடத்துக்குத் திருடன் வந்த மாதிரி ஒரே கூச்சல், மேலே விழுந்து கொத்தின. இவர் பலகையில் கவளத்தை வைத்துக் கூப்பிட்டார். கா, கா. அது இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது.

கடைசியில் கும்பிட்ட கையோடு, பேச்சுப் பேசுகிற குரலில் சொன்னார்:

“அப்பா, கோவம்னா எம்மேல படுங்க. சொல் பேச்சு கேக்காம போனவன் நான். அவ என்ன பண்ணா? வந்த நாள்லேருந்து என்னைய ஒரு வேள பட்டினி போட்டதில்ல. அவ சோத்த எடுங்கப்பா.”

காக்கை எழும்பியது. பலகைக்கு அல்ல. வீட்டுக் கூரையைத் தாண்டி, ரப்பர் மரங்கள் பக்கம். போயே போய்விட்டது.

இவர் அப்படியே நின்றார். நான் நூலைக் கையில் சுற்றியது சுற்றியபடி அடுப்படிக்கு ஓடினேன், அழ. முக்காலி சாய்கிற சத்தம் கேட்டது. என்ன படம் விழுந்ததோ, யாருக்குத் தெரியும். வடைத் தட்டை எடுத்தேன், மூடி வைக்கலாம் என்று. யார் சாப்பிடப் போகிறார்கள் இதை?

பின்கதவில் நிழல். நிமிர்ந்து பார்த்தால் வாசற்படியில் அது. ஒரு குதி, அம்மிமேல். இன்னொரு குதி, என் தட்டின் விளிம்பில். கனம் தெரிந்தது. கழுத்தைச் சாய்த்து என்னை ஏற இறங்கப் பார்த்தது, பெண் பார்க்க வந்தவர் மாதிரி. தட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். ஒரு வடையைக் கவ்வியது. படிவரை போய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொன்றும் எடுத்தது. இரண்டையும் அலகில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பறந்தது.

கூண்டில் அடைபட்டுப் பசித்த காக்கை, யார் கையிலும் பிடுங்கியிருக்கும். மக் லீமா கையில் பிடுங்கவில்லையா? எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். பட்சிகளைப் பற்றி இவருக்குத் தெரியாததா.

திரும்பினேன். இவர் நடைவாசலில் நிற்கிறார். எப்போதிலிருந்து நின்றாரோ, எல்லாம் பார்த்திருக்கிறார். கன்னமெல்லாம் தண்ணீர். துடைத்துக்கொள்ளவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“இலை போடு அஞ்சலை” என்றார்.

மூன்று தடவை சோறு வாங்கினார். பருப்பில் உப்புக் குறைவாம்.