2,499 ரூபாய் க்ளாரிட்டி

ஜனவரி 20, திங்கள்

போன மாதம் எங்கள் கிளையில் அதிக வயர் விற்றவன் நான்தானாம். மேனேஜர் ஜெரோம் காலைக் கூட்டத்தில் அறிவித்தார். என் போட்டோவை பில்லிங் கவுண்டருக்கு மேலே ஒட்டிவிட்டார்கள். டிவி விற்றவனுக்குப் போட்டோ கிடையாது. நாற்பத்து மூன்று இஞ்ச் டிவியை விற்றால் கடைக்கு மிஞ்சுவது சொற்பம். அதோடு போகிற எச்டிஎம்ஐ வயர், கேபிள் பாக்ஸிலிருந்து டிவிக்குப் படம் கொண்டுவருவது, நூற்றுப் பத்து ரூபாய்க்கு வந்து 2,499க்குப் போகிறது. முனையில் தங்கக் கலர், அவ்வளவுதான். ஜெரோம் வாய்க்கு வாய் சொல்வார்: "டிவி நம்ம கௌரவம், வயருதான் நம்ம சோறு."

டெமோ சுவர் என் கைவேலை. இடது டிவியில் சாதா வயர், வலது டிவியில் தங்க முனை வயர். காலையில் கடை திறந்ததும் ரிமோட்டை எடுத்து இடது டிவியின் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி வைப்பேன். பூசாரி விளக்குப் போடுவது மாதிரி, ஒரு நாளும் தவறியதில்லை. வித்தியாசம் தெரியுதுங்களா என்று மட்டும் கேட்பேன். தெரியவில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. மரியாதை தெரிந்த ஊர்.

அம்மாவிடம் அந்தப் போட்டோவைக் காட்டினேன். இதைப் பார்த்து எவனாவது பெண் கொடுப்பானா என்றாள். வயது முப்பத்து மூன்று, பார்த்த பெண்கள் பதினாறு. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று வாழ்த்துவார்கள். நான் பதினாறும் பார்த்தாகிவிட்டது. வாழ்வைத்தான் காணோம்.

ஜனவரி 23

ஸ்க்ரீன் துடைக்கிற ஸ்ப்ரே, 399 ரூபாய். திறந்து முகர்ந்து பார்த்தேன், வெறும் தண்ணீர். சிறுவாணித் தண்ணீராகவாவது இருக்கட்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தரகர் மயில்சாமி கொடுமுடிக்குக் கூட்டிப்போனார். பெண் பெயர் புவனா. பெருந்துறையில் ஒரு கார்மெண்ட்ஸில் க்யூசி. தைத்து வருகிற துணியில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பெண்ணின் அப்பா ஆறுச்சாமி வாசலுக்கே வந்து வரவேற்றார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "ஏனுங்க, நீங்க அந்த டிவிக் கடைத் தம்பிதானுங்களே?"

நினைவு வந்தது. நவம்பரில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தவர். கோயமுத்தூரில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடித்துவிட்டு ஊர் திரும்புகிற வழியில் டிவி வாங்கினார். கூடவே வயரும்.

செத்தோம் என்று நினைத்தேன். மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்த வயர் வந்த நாளிலிருந்து படம் பளிச்சென்று தெரிகிறதாம். செய்தி வாசிக்கிற பெண்ணின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணிச் சொன்னார். வந்திருந்த பங்காளிகளிடம், நல்ல சரக்காகப் பார்த்துக் கொடுக்கிற பையன், பொய் பித்தலாட்டம் தெரியாதவன் என்று எனக்கு நற்சான்றிதழ் வேறு.

டிவியைப் பார்த்தேன். தொழில் பழக்கம், பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்தேன். தங்க முனை வயரின் ஒரு பக்கம் டிவியில் சொருகியிருக்கிறது. மறுபக்கத்தைச் சுவரில் ஆணியடித்து, முனை எல்லோர் கண்ணுக்கும் படுகிற மாதிரி தொங்கவிட்டிருக்கிறார்கள். எதிலும் மாட்டவில்லை! மாட்டவும் முடியாது. கேபிள்காரர் கொடுத்த பழைய பாக்ஸில் அதற்கு ஓட்டையே இல்லை. படம் வருவது பழைய சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயரில்.

அன்றைக்கு என்ன பாக்ஸ் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்டால் விற்காதே.

திரும்பி வந்து காபி டம்ளரை எடுத்தேன். நிமிர்ந்தால் புவனா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 3

பெண் வீட்டாருக்குப் பிடித்திருக்கிறதாம். எனக்கும் பிடித்திருக்கிறது, ரொம்பவே. அம்மா பண்ணாரி அம்மனுக்கு வேண்டிக்கொண்டதை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 5, புதன்

மதியம் புவனாவே போன் செய்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"அப்பாவுக்குப் பளிச்சுன்னு தெரியறது ஆபரேஷனாலங்க. வயரு எங்கியும் மாட்டலைன்னு எனக்கு மொத நாளே தெரியும். சந்தோஷமா இருக்காரேன்னு உட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்களும் அன்னிக்குப் பாத்தீங்க. பாத்துட்டு வாயத் தொறக்கலீங்களே."

அவள் சம்மதம் சொல்ல வேண்டுமென்றால் நானே போய் அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமாம்.

சொன்னால் அவர் பெண் கொடுக்கமாட்டார். சொல்லாவிட்டால் பெண் வரமாட்டாள். கடையில் எந்த வாடிக்கையாளரையும் நான் இப்படி மூலையில் நிறுத்தியதில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன். தனியாகத்தான் போனேன். அவர் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே வயரின் அடக்க விலை, டெமோ சுவர், ஓட்டை இல்லாத பாக்ஸ் எல்லாவற்றையும் கொட்டினேன். "தப்புப் பண்ணிப்போட்டேனுங்க மாமா" என்றேன். பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை.

மண்வெட்டியால் மடையை அடைத்துவிட்டு வந்தார். பிறகு, "கண்ணு தெரியாத ஆளுகிட்ட வித்தியாசம் தெரியுதான்னு கேட்டீங்களே தம்பி" என்றார். திட்டியிருந்தால் தேவலை. காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார், அந்த நிலையிலும்.

பிப்ரவரி 12

மயில்சாமி வந்தார். ஜாதகத்தில் கொஞ்சம் இடிக்கிறதாம். உன் யோக்கியதைக்குப் பெண் கிடையாது என்பதை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வார்கள், பழியை ஒன்பது கிரகத்தின் மேல் போட்டு.

பிப்ரவரி 13

அம்மா சோற்றைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். நியாயம்தானே? பதினேழாவதையும் கெடுத்துக்கொண்டேன். மனசு ஆறவே இல்லை. ச்சே, அந்தப் பிள்ளை போனில் பேசின குரல் காதிலேயே நிக்குது.

பிப்ரவரி 24

நான் ஒன்றும் திருந்திவிடவில்லை. வாய் வரமாட்டேன் என்கிறது. க்ளாரிட்டி என்று தொடங்கினால் கறுப்புக் கண்ணாடி கண் முன்னால் நிற்கிறது. உங்க பாக்ஸ் எதுங்க என்று கேட்டுத் தொலைக்கிறேன். இந்த மாதம் மூன்றே வயர். ஜெரோம் என் போட்டோவை எடுத்துவிட்டு, கூட விற்கிற அபிலாஷ் போட்டோவை ஒட்டினார். உடம்பு சரியில்லையா என்று அக்கறையாகக் கேட்டார்.

மார்ச் 14, வெள்ளி

கறுப்புக் கண்ணாடி நிஜமாகவே வந்து நின்றது. கூட புவனா. ஆறுச்சாமி நேராகப் போய் சோபாவில் உட்கார்ந்துகொண்டார். அரைமணி நேரம் அசையவில்லை. அதற்குள் ஒரு ஜோடி வந்து டிவி வாங்கியது. வயர் வேண்டுமா என்று அவர்களே கேட்டார்கள். உங்க பாக்ஸோட ஒண்ணு வந்திருக்கும், அதுவே போதும் என்றேன். ஜெரோம் கவுண்டரிலிருந்து முறைத்தார்.

ஆறுச்சாமி எழுந்து டெமோ சுவருக்கு வந்தார். எந்த டிவியை மங்க வைத்திருக்கிறேன் என்று கேட்டார். இடது என்றேன். கையை நீட்டினார், ரிமோட்டைக் கொடுத்தேன். வெளிச்சத்தை ஏற்றத் தெரியாமல் சேனலை மாற்றினார். புவனாதான் வாங்கி ஏற்றிக் கொடுத்தாள். இரண்டு டிவியும் ஒன்றுபோல ஆகிவிட்டன. கண்ணாடியைக் கழற்றி மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டாவது கண்ணும் ஆச்சுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். புவனா போகும்போது சிரித்த மாதிரி இருந்தது. எனக்குத்தான் கண் ஆபரேஷன் ஆகவில்லை, உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மார்ச் 17

ஜோசியர் ஜாதகத்தை மறுபடி பார்த்தாராம். முன்னால் போட்டது தப்புக் கணக்காம். பேஷாகப் பொருந்துகிறதாம்.

மே 4, ஞாயிறு

சீர் எதுவும் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். டிவி மட்டுமாவது கொடுத்தே தீருவேன் என்று மாமா கடைக்கு வந்துவிட்டார். நன்றாகப் பேரம் பேசி ஒன்றை எடுத்தார். புது பாக்ஸ், ஓட்டையெல்லாம் இருக்கிறது, அதோடு வந்த வயரே போதும் என்றேன். தலையாட்டினார்.

பிறகு என்னை ஒரு ஓரமாக அழைத்துப்போனார். அந்தத் தங்க முனை வயரும் ஒன்று வேண்டுமாம். அடக்க விலை நூற்றுப் பத்தை, அன்றைக்கு வரப்பில் நான் சொன்னதை மறக்காமல், சரியாக எண்ணி என் கையில் வைத்தார்.

நான் பெட்டியை எடுத்து, 2,499 என்று ஒட்டியிருந்ததை உரிக்கப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"ஸ்டிக்கரக் கிழிச்சுப்போடாதீங்க மாப்ளை. சீர் பாக்க நாலு பேரு வருவாங்க."