மைக்கில் வாசித்த ஜெப விண்ணப்பம்

முடிச்சூர்,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

கர்த்தருக்குள் அன்பான மகன் ஜெபாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆண்டவர் கிருபையில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, எனக்கு அதே முழங்கால். உனக்கும் எப்சிக்கும் சரீர சுகமும் மனச் சமாதானமும் வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது, முடிச்சூர் ரோட்டில் கால்வாய்க்குத் தோண்டியதை மூடாமலே போய்விட்டார்கள், தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஆட்டோவும் வர மாட்டேன் என்கிறது. உன் தங்கை சினேகா கூடுவாஞ்சேரியிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை வந்து எங்கள் இரண்டு பேரையும் அதட்டிவிட்டுப் போகிறாள். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ கேட்பாய். அங்கே நீ போனை ஸ்பீக்கரில் போடுகிறாய், இங்கே உன் அப்பா ஸ்பீக்கரில் போடுகிறார், நடுவில் நான் மனதில் உள்ளதைப் பேசுவது மார்க்கெட்டில் நின்று ரகசியம் சொல்வதைப் போல இருக்கிறது. நம் சபைப் பையன் ஷெர்வின் வியாழக்கிழமை உங்கள் ஊர் பெர்த்துக்குத் திரும்புகிறான். இட்லிப் பொடியோடு இதையும் அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

நேற்று போனில் நீ கேட்டாயே, அதற்குப் பதில்தான் இது. நீ சொன்னால் எப்சி கேட்பாள், அந்த ஊசி டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லம்மா என்றாய். சொல்ல மாட்டேன். கோபப்படாமல் மேலே படி. கல்யாணமாகிப் பதினொரு வருஷம், எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை ஊசி, இரண்டு தடவை கையில் வந்து நழுவியது, இப்போது நாற்பத்தொரு வயதில் இந்தப் பிள்ளை அவள் வயிற்றில் மூன்று மாதத்தைத் தாண்டியிருக்கிறது. முதல் ரத்தப் பரிசோதனையும் பிள்ளையின் கழுத்துப் பக்கம் பார்க்கிற ஸ்கேனும் சேர்த்துப் பார்த்து, டவுன் சிண்ட்ரோம் இருக்க நாற்பதில் ஒரு வாய்ப்பு என்று அங்கே சொன்னார்கள். இனி இன்னொரு ரத்தப் பரிசோதனையா, நேராக வயிற்றில் ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்ப்பதா, ஒன்றுமே வேண்டாமா என்று அடுத்த புதன்கிழமை அவள் போய்ச் சொல்ல வேண்டும். நாள் கிட்டே வந்துவிட்டது, அவள் உன்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, தனி அறையில் படுக்கிறாள், எதுவுமே செய்ய மாட்டேன் என்கிறாள், இவ்வளவுதானே நீ சொன்னது. ஏன் பேசுவதில்லை என்று உனக்குப் புரியவில்லை என்றாய். டென்ஷனாக இருக்கும் என்றாய். எனக்குத் தெரியும், நான் சொல்கிறேன்.

அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உன் அப்பாவுக்குப் போன் செய்து, இப்படி ஒரு ரிசல்ட் வந்திருக்கிறது, ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொன்னாய். தப்பில்லை, பயந்த பிள்ளை அப்பாவிடம்தான் சொல்லும். ஆனால் உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா? முப்பத்திரண்டு வருஷம் கார்ஷெட்டில் ரிப்பேருக்கு வந்த ரயில் பெட்டிக்குக் குறைச்சீட்டு எழுதின மனிதர். எந்தப் பெட்டி, என்ன பழுது, எப்போதிலிருந்து, என்ன செய்யப்போகிறோம், ஒன்று விடாமல் எழுதினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். சபை வாசலில் இருக்கிற ஜெப விண்ணப்பப் பெட்டியில் போட்ட சீட்டையும் அப்படியே எழுதியிருக்கிறார். மருமகள் பெயர், வயது, எத்தனையாவது மாதம், டாக்டர்கள் சந்தேகப்படுகிற குறை, எடுக்கப்போகிற பரிசோதனை, எல்லாம். மற்றவர்கள் எல்லாம் ‘ஒரு சகோதரியின் சுகத்துக்காக’ என்று ஒரு வரி எழுதிப் போடுவார்கள். இவர் மட்டும் முழு விவரம். நம் பாஸ்டர் சின்ன வயசு, போன ஞாயிறு ஆராதனையில் பெட்டியைத் திறந்து கையில் வந்ததை மைக்கில் வாசித்துவிட்டார். பெர்த்தில் இருக்கும் நம் சகோதரி எப்சிபாவின் கர்ப்பத்தின் கனி குறையில்லாத பிள்ளையாகப் பிறக்க வேண்டும், டாக்டர்கள் சொன்ன டவுன் சிண்ட்ரோம் பொய்யாக வேண்டும், ஊசிப் பரிசோதனைக்குத் தேவையே இல்லாமல் போக வேண்டும் என்று உருக்கமாக ஜெபித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது. மூன்றாவது பெஞ்சில் ஸ்டெல்லா டீச்சர் தன் மகளோடு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான், உனக்குத் தெரியும். எப்போதும் போல எல்லோரையும் விடச் சத்தமாக ஆமென் சொன்னது அந்தப் பெண்தான். டீச்சர் மடியில் இருந்த பைபிளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. கொரோனா சமயத்தில் ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. எப்சி ஞாயிறுதோறும் அங்கே சமையலறையில் வைத்துக் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பாள், நீ அந்த நேரத்தில் கடைக்குப் போய்விடுவாய். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் தன் பெயரையும் தன் வயிற்றையும் பற்றி மைக்கில் கேட்டிருக்கிறாள். கீழே ஊர்ப்பட்ட பேர் கை கூப்பின பொம்மை போட்டு ஆமென் ஆமென் என்று எழுதியிருக்கிறார்கள், அதில் அவள் சித்தி ஒருத்தி. போன தடவை நீங்கள் வந்தபோது நடந்ததை நீ மறந்திருப்பாய், அவள் மறக்கவில்லை. பிள்ளையில்லாத சகோதரிகள் முன்னால் வரவும் என்று கூப்பிட்டு, ஊரே பார்க்க அவளை நிற்கவைத்துத் தலையில் கை வைத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து முகம் கழுவுகிறேன் என்று பாத்ரூமுக்குள் போனவள் வெளியே வர ரொம்ப நேரமாயிற்று. இப்போது மறுபடியும் அவளைக் கேட்காமலே முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம். கொண்டுபோனது அவள் புருஷன்.

அன்றைக்கு மத்தியானம் உன் அப்பா மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் அவளே எனக்குப் போன் செய்தாள். அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அத்தை, எனக்கு ஊசியப் பாத்தோ டெஸ்ட்டப் பாத்தோ பயமில்ல, ரிசல்ட் வந்தப்புறம் யார் யார் மூஞ்சியெல்லாம் பாக்கணுமோன்னுதான் பயமா இருக்கு என்றாள். டெஸ்ட் எடுத்தா விசுவாசம் இல்லாதவன்னு சொல்வாங்க, எடுக்காம அப்படி ஒரு பிள்ளை பொறந்தா தெரிஞ்சிருந்தும் ஏன் பாக்கலன்னு கேப்பாங்க, எல்லாம் சரியா இருந்தா பாஸ்டர் ஜெபத்துனாலன்னு சாட்சி சொல்லச் சொல்வாங்க, இதுல நானும் என் பிள்ளையும் எங்க இருக்கோம் அத்தை என்றாள். அவள் சொன்னதில் ஒன்றாவது பொய்யா? அன்றைக்குச் சாயங்காலமே வாசலில் ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்துத் தெரு அம்மணி, இன்னா மேரிக்கா, உம் மருமவளுக்கு இன்னாவோ டெஸ்ட்டாமே, அந்த ஊசி போட்டா கொயந்த கலைஞ்சிடுமாமே என்று கேட்டுவிட்டு, அங்க ஆணா பொண்ணான்னு சொல்லிடுவாங்களாமே, அதையும் கேட்டு வெச்சிக்க என்றாள். இன்னொருத்தி மாதுளம்பழம் சாப்பிடச் சொன்னாள். இன்னொருத்தி, வயசான காலத்துல எதுக்கு இந்த ஆசை என்று என் காதில் விழும்படியே முணுமுணுத்தாள். அவளுக்குக் காபி கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

மறுநாளே பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். பாவம், நல்ல பையன், முகம் வெளுத்துவிட்டது. அந்த வீடியோவை எடுக்கச் சொன்னார், எடுத்தும் விட்டார்கள். அடுத்த ஞாயிறு மைக்கிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் ஆண்ட்டி என்றார். ஐயா, போதும், இன்னொரு தடவை மைக் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். உன் அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, நல்லதுக்குத்தானே செய்தேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நல்லதுக்குத்தான். ஆனாலும் அவரை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

பிறகு சினேகா என்னைக் குரோம்பேட்டையில் அவளுக்குப் பிரசவம் பார்த்த லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பெயர் எதுவும் சொல்லாமல் பொதுவாகத்தான் கேட்டோம். அந்தம்மா நிதானமாகச் சொன்னார். நாற்பதில் ஒன்று என்றால் அந்த மாதிரி ரிசல்ட் வந்த நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேருக்கு அந்தக் கோளாறு இருக்காது, இது எச்சரிக்கைதான், முடிவு இல்லை. அடுத்த ரத்தப் பரிசோதனை அதைவிட நன்றாகச் சொல்லும், ஆனாலும் அதையும் நிச்சயம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊசிதான் நிச்சயமாகச் சொல்லும், அதில் கரு கலைகிற ஆபத்து குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. எதுவும் வேண்டாம் என்பதும் ஒரு பதில்தான், அப்படியும் வருகிறார்கள் என்றார். இதில் எதுவும் குழந்தையைக் குணப்படுத்தாது, தெரிந்துகொள்ளத்தான் என்றார். கிளம்பும்போது ஒன்று கேட்டார், தெரிஞ்சதுக்கு அப்புறம் என்ன பண்ணப்போறோம்னு அந்தப் பொண்ணு யோசிச்சிருக்காளா, அவகிட்ட யாராவது கேட்டாங்களா என்று. ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த இரைச்சலில் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அப்பாவிடம் கேட்டாய், என்னிடம் கேட்டாய், உன் ஆபீசில் யாரோ ஒருவருடைய டாக்டர் மனைவியிடம் கேட்டாய் என்றாய். அவளிடம் கேட்டாயா, ஜெபா? இதை எடு, இதை எடுக்காதே என்று சொல்வது கேட்பது ஆகாது. நீ பயப்படுவது எனக்குத் தெரியும். நிச்சயமாகத் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைக்கிறாய். ஊசி ஏறுவது அவள் வயிற்றில், அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு நாளும் முதலில் அவளுக்குத்தான் விடியும்.

அம்மா என்ன நினைக்கிறாள் என்று உனக்குக் கேட்கத் தோன்றும். எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, பலமாகவே இருக்கிறது. அதை உன்னிடம் சொல்ல மாட்டேன், அவளிடமும் சொல்ல மாட்டேன், செத்தாலும் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அது இன்னொரு மைக். அவள் மன்னிப்பு எதிர்பார்க்கிறாளோ இல்லையோ, நீ முதலில் போய் மன்னிப்புக் கேள். அப்பா ஆர்வக்கோளாறில் செய்துவிட்டார் என்று அவர் தலையில் போடாதே, நான் உன்னைக் கேட்காமல் வெளியே சொன்னது தப்பு என்று மட்டும் சொல். பிறகு வாயை மூடிக்கொண்டு அவள் பேசுவதைக் கேள். அவள் எடுக்கிறேன் என்றால், சபைக்குப் பயப்படாமல் தனக்காக எடுக்கட்டும். வேண்டாம் என்றால், உன்மேல் உள்ள கோபத்தில் வேண்டாம் என்று சொன்னதாக இருக்கக் கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான்.

எழுத முடியாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன், பேனாவை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டேன். ரிசல்ட் என்ன வந்தாலும் நாங்கள் கேட்க மாட்டோம். அப்பாவிடம் பைபிள் மேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிவிட்டேன். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம், சொல்லவே இல்லை என்றாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். அப்படிப்பட்ட பிள்ளைதான் என்று தெரிந்து நீங்கள் வளர்ப்பதானால், அந்தப் பிள்ளையை என் மடியில் வைத்துக்கொண்டுதான் அதே சபையில் முன் பெஞ்சில் உட்காருவேன், எவள் எப்படிப் பார்க்கிறாள் என்று நானும் பார்க்கிறேன். நீங்கள் வேறு மாதிரி முடிவு செய்தாலும், அதையும் எழுதுகிறேன் ஜெபா, அப்போதும் எனக்கு டிக்கெட் போடு, நான் வருவேன். வந்து அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பேன், தலை வாரிவிடுவேன், ஒரு கேள்வி கேட்க மாட்டேன். உங்களுக்காக ஆண்டவரிடம் பேச வேண்டியதை நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன். பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் நான் விமானம் ஏறுவது அவளுக்காகத்தான். இதை மட்டும் அவளிடம் சொல்லு, மற்றது எதையும் படித்துக் காட்ட வேண்டாம்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் சிறகின் கீழ் வைத்துக் காக்கட்டும், எப்சியின் வயிற்றிலிருக்கிற ஜீவனைத் தாங்கட்டும், உங்களுக்கு ஒருவரையொருவர் பார்த்துப் பேசுகிற தைரியத்தைக் கொடுக்கட்டும். அப்பாவும் சினேகாவும் தங்கள் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். அவளைக் கனமான பை எதையும் தூக்கவிடாதே, காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்கவிடாதே.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். புதன்கிழமை லீவு போடு. காரிலேயே உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்காமல் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார். ரத்தம் கொடுக்க அவள் ஒரு கையை நீட்டினால் இன்னொரு கையைப் பிடித்துக்கொள். அவள் வேண்டாம் என்று எழுந்தால், ஒரு வார்த்தை பேசாமல் நீயும் அவளோடு எழுந்து வா.

உன் அன்புள்ள அம்மா,
அருள்மேரி அப்பாதுரை