பழைய வரிசையில் ஆறாவது வீடு

பீளமேட்டில் எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்கு இன்று பெயிண்ட் அடிக்கிறார்கள். தின்னர் வாடை லிஃப்டுக்குள்ளேயே ஏறிவிட்டது. தலைவலி என்று சொல்லி மற்றவர்கள் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வாடை உன் சட்டையில் எத்தனை வருஷம் இருந்தது! பி.இ. முடித்தவன், கேம்பஸ் இன்டர்வியூவில் இரண்டு இடத்தில் தேர்வானவன், குடியுரிமைக் காகிதம் கேட்டதும் இரண்டு இடத்திலிருந்தும் திரும்பி வந்து சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் போனாய். "எந்த நாடுன்னு செவுரு கேக்கறதில்லடா" என்று சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. மஞ்சள் காமாலை, கவனிக்காமல் விட்டுவிட்டான் என்றார்கள். உனக்கு எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் வேறு யாருக்கு எழுதினாலும் அதில் நான் எப்படியாவது நல்லவனாகத் தெரிந்துவிடுவேன். உன்னிடம் அந்த வித்தை செல்லாது. நடந்தது உனக்குத் தெரியும்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில், இணையக் கலைக்களஞ்சியத்தில் தமிழில் எழுதப் பயிற்சி என்று கணினி ஆய்வகத்தில் ஒரு நாள் நடந்ததே, அங்கேதான் நாம் நெருக்கமானோம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று சொன்னதும் நீ என் காதருகே குனிந்து, "ஐடி கார்டு கேப்பாங்களாடா?" என்றாய். கேட்கவில்லை. ஒரே மாதத்தில் பவானி ஜமக்காளம், கூடுதுறை, நீர்க்காகம் என்று எழுதித் தள்ளினாய். நான் எழுதியதைவிட நீக்கியதுதான் அதிகம். எவனாவது தன் ஊர்க் கோயில் ஆயிரம் வருஷத்துப் பழமை என்று எழுதினால் போதும், 'சான்று தேவை' என்று ஒட்டிவிட்டுத்தான் சாப்பிடவே போவேன். "நீ மட்டும் வாத்தியாரா போயிருந்தீன்னா பசங்க கெதி என்னாகறது" என்பாய். என்னைக் கலைக்களஞ்சியத்தின் நிர்வாகியாக்க வாக்கெடுப்பு நடந்தபோது முதல் ஆதரவு உன்னுடையது.

உன் வீட்டுக்கு நான் சாப்பிட வந்தது ஒரே முறை. பவானியைத் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் ஓரமாக நடந்து, இலங்கை அகதிகள் முகாமின் பழைய வரிசையில் ஆறாவது வீடு. பத்தடிக்குப் பத்தடி அறை, மேலே சிமெண்ட் ஷீட்டு, நடுவில் மறைப்புக்கு ஒரு பச்சைச் சேலை. பஸ்ஸில் "வாடா, ஊட்டுக்குப் போலாம்" என்று என்னைப் போலவே பேசிக்கொண்டு வந்தவன், வாசலில் செருப்பைக் கழற்றியதும் "அம்மா, சாப்பாடு இருக்கோ?" என்று வேறு ஆளாகிப் போனாய். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அம்மா இடியப்பமும் சொதியும் வைத்தார். நான் வெட்கமில்லாமல் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

அன்று மத்தியானம் அதிகாரி வந்து ஆட்களைச் சரிபார்க்கும் நாள். செக்கிங் என்பீர்கள். பேர் கூப்பிடும்போது எல்லோரும் நேரில் நிற்க வேண்டும். நீயும் அம்மாவும் போய் வரிசையில் நின்றீர்கள். நான் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அந்த முகாமிலேயே பிறந்தவன். சில வருஷம் கழித்து, என் கல்யாணத்துக்கு முந்தின நாள் வரவேற்பு முடிந்ததுமே நீ கிளம்பினாய். "இருந்து காலைல சாப்புட்டுப் போ கண்ணு" என்று என் அம்மா கையைப் பிடித்தார். நீ என்னைத் தனியே அழைத்து, "நாளைக்குச் செக்கிங்டா. நான் இல்லீன்னாலும் உன்ற முகூர்த்தம் நடக்கும். அங்க நான் இல்லீன்னா பேரை அடிச்சுப்போடுவாங்க" என்றாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். போட்டோவில் நீ இல்லை என்பதுதான் அன்று எனக்குப் பெரிய குறை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து அந்தக் கட்டுரையை எழுதினேன். இலங்கையிலிருந்து வந்த அகதிகள், நம் பகுதியில் உள்ள முகாம்கள், இன்னும் தீராத அவர்கள் பிரச்சினை. நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினேன். கூடவே, அது சிறப்புக் கட்டுரையாக முதல் பக்கத்தில் வர வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் எழுதக் கூடாது, அச்சில் வந்ததை மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி. அதைத் தமிழில் விளக்கி எழுதி வைத்தவனே நான். உங்கள் முகாமைப் பற்றி ஒரு செய்தித்தாளில் நாலு வரி வந்திருந்தது. புதிய வீடுகள் கட்டி முடிந்தன, அனைவரும் குடியேறினர், பழைய வரிசை காலியானது. அப்படியே எழுதிச் சான்றும் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே நீ திருத்தினாய். "அனைவரும் அல்ல. பட்டியலில் பெயர் விடுபட்ட குடும்பங்கள் இன்னும் பழைய வரிசையில்தான் வசிக்கின்றன." இரண்டே வாக்கியம். சான்று இல்லை என்று நான் நீக்கினேன். நீ மறுபடி சேர்த்து, ஒரு படத்தையும் போட்டாய். ஆறாவது வீட்டு வாசலில் அம்மா நிற்கும் படம். வாக்கியத்தையும் படத்தையும் சேர்த்து நீக்கிவிட்டு, காரணம் எழுதும் கட்டத்தில் "எங்கே எடுத்தது எனச் சரிபார்க்க இயலவில்லை" என்று எழுதினேன். பிறகு யாரும் திருத்த முடியாதபடி பக்கத்தைப் பூட்டினேன்.

அந்த வாசல் எனக்குத் தெரியும். அம்மாவுக்குப் பின்னால் அந்தப் பச்சைச் சேலைகூடப் படத்தில் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் தட்டச்சு செய்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. கூட்டாளிக்குச் சலுகை காட்டினான் என்று எவனும் பேசிவிடக் கூடாது. சிறப்புக் கட்டுரை வாக்கெடுப்பு நடக்கும் நேரத்தில் பக்கத்தில் சண்டை என்று தெரிந்துவிடக் கூடாது. இவ்வளவுதான் என் கொள்கை.

மறுநாள் உனக்குப் போன் செய்தேன். அதுவரை 'டேய்' என்பதைத் தவிர வேறு விதமாக என்னை அழைக்காதவன், "கட்டுரை நல்லா வந்திருக்குதுங்க" என்றாய். கோபமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வேலைல இருக்கறன், அப்பறம் கூப்படறனுங்க." நம் ஊரில் ஒருவனைத் தள்ளி வைக்கச் சண்டை போட வேண்டியதில்லை, மரியாதை கொடுத்தால் போதும். நீ அப்புறம் கூப்பிடவும் இல்லை, கலைக்களஞ்சியத்தில் ஒரு எழுத்து சேர்க்கவும் இல்லை. கட்டுரை முதல் பக்கத்தில் வந்தது. நான் அதை அலுவலகம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

நீ போன பிறகு துக்கம் கேட்க வந்தேன். அம்மா அதே அறையில்தான் இருந்தார். நான் கேட்காமலேயே சொன்னார். "புது வீடு கேட்டு இவன்தான் தம்பி மனுவோட அலைஞ்சவன். ஆபீசில இருந்த அதிகாரி போனை எடுத்துக் காட்டினவராம். பழைய வரிசை காலி எண்டு நெட்டில கிடக்குதாம். ஆக்கள் இல்லாத இடத்துக்கு எப்பிடி வீடு குடுக்கிறது எண்டு கேட்டவராம்."

"யாரு எழுதுனதுன்னு சொன்னானுங்களாம்மா?" என்றேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"நானும் கேட்டனான். ஆரோ தெரியாத ஆள் எண்டான்."

அந்தத் தெரியாத ஆள் அவர் கொடுத்த டீயைக் குடித்து முடித்தான். நேரமாச்சுங்க, வாரேனுங்க என்று எழுந்து பஸ் ஏறினான். அவிநாசி தாண்டும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் பூட்டைத் திறந்து உன் இரண்டு வாக்கியத்தையும் திரும்பச் சேர்த்தேன். அரை மணி நேரத்தில் புதிதாக வந்த ஒரு நிர்வாகி அவற்றை நீக்கினார். மிகவும் மரியாதையாக, நான் எழுதி வைத்த விதியையே எனக்குச் சுட்டிக் காட்டியிருந்தார். அந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன் என்று பதில் எழுதினேன். அது சான்றாகாது என்றார். அவர் சொன்னது சரிதான். இப்போது ஒவ்வொரு செய்தியாளராகப் பிடித்து, ஒரு தடவை அங்கே வந்து பாருங்கள் என்று கெஞ்சுகிறேன். பார்க்கலாமுங்க என்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனேன். அந்தக் கலைக்களஞ்சியத்தில் எவன் எதைச் சேர்த்தான், எவன் எதை நீக்கினான் என்பது பெயரோடு அப்படியே கிடக்கும் என்பது உனக்குத் தெரியுமே. அந்தப் பக்கத்தைப் போனில் எடுத்து அவரிடம் நீட்டினேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "எழுத்துத் தெரியேல்லை ராசா, நீ வாசி" என்றார். வாசித்தேன். முதலில் நீ எழுதியதை. பிறகு சரிபார்க்க இயலவில்லை என்று நான் எழுதியதை. கடைசியில் அது யார் பெயர் என்பதையும் சொன்னேன். அந்த அறையில், அந்தச் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்து.

பிறகு அவர் கேட்டார்.

"இது நீதான் எண்டு அவனுக்குத் தெரியுமோ?"

"தெரியுங்கம்மா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"இன்னொருக்கா வாசி."

"நான் எழுதுனதுங்களா?"

"அது வேண்டாம். என்ரை பிள்ளை எழுதினதை."

வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடியும் என்றார். மறுபடியும் வாசித்தேன். பொழுது சாயும்வரை அது ஒன்றைத்தான் அவர் என்னிடம் கேட்டார். உன் இரண்டு வாக்கியமும் இப்போது எனக்கு மனப்பாடம். போனைப் பார்க்காமலேயே சொல்வேன்.