இடது தோள்

பழவேற்காடு
12.1.2025

தம்பி சின்னதம்பிக்கு,

உன் போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். தபால்காரரைத் தடுக்க முடியாதே என்று இதை எழுதுகிறேன். பக்கத்துக் காட்டுப்பள்ளிக்குத் தபால்தலை ஒட்டும் அண்ணன் தம்பி இந்த வட்டாரத்தில் நாம்தான்.

பிப்ரவரி ஒன்பதோடு நைனா போய் மூன்று மாதம். அன்று வீட்டில் பிக்குவுக்குத் தானம் கொடுக்கிறேன். பிக்கு சாப்பிட்டு முடித்ததும் குடும்பத்தார் சேர்ந்து மூக்கு வைத்த கெண்டியைப் பிடித்து, கீழே வைத்த பாத்திரம் வழியும் வரை நீர் ஊற்ற வேண்டும். தானத்தின் புண்ணியத்தை இறந்தவரோடு பகிரும் முறை அது. ஏழாம் நாள் தனியாகத்தான் ஊற்றினேன். கை நடுங்கிப் பாதி நீர் பாயில் கொட்டியது. "மனசுல இன்னா இருந்துச்சு வாத்தியாரே?" என்று மட்டும் பிக்கு கேட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. "ரெண்டு பேரும் சேந்து ஊத்துங்கடா" என்றுதான் நைனா கடைசி வாரத்தில் சொன்னார்.

ஊரே துறைமுகம் வேண்டாமென்று சாலையில் உட்கார்ந்தபோது நீ அதற்குள் வேலைக்குப் போனாய். பிறகு வீட்டுப் பக்கமே வரவில்லை. நைனாவின் இரண்டு கண் ஆபரேஷனுக்கும் நான் ஒருவன்தான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதையும் மறக்கவில்லை. ஆனாலும் வா.

தேவேந்திரன்


காட்டுப்பள்ளி
19.1.2025

அண்ணனுக்கு,

நீங்களும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

நைனாவின் கொள்ளிக்குடம் மூத்தவன் தோளில் ஏற வேண்டியது. 'நாங்கள் பௌத்தர்கள், இதெல்லாம் கிடையாது' என்று நீங்கள் ஒதுங்கிக்கொண்டீர்கள். ஊரார் என் தோளில் ஏற்றினார்கள். அவருக்குச் செய்ய எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இரண்டு சுற்று வந்துவிட்டேன். மூன்றாவது சுற்றில், அத்தனை பேர் பார்க்க, என் தோளிலிருந்து குடத்தைப் பிடுங்கினீர்கள். "இன்னா வாத்தியாரே, செத்த மனுசனுக்குத் தண்ணி காட்டறதுக்குக்கூடவா தடை?" என்று குப்பம்மா பெரியம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

என் தண்ணீர் ஆகாது, உங்கள் தண்ணீர் மட்டும் ஆகுமா? நான் வரவில்லை.

சின்னதம்பி


பழவேற்காடு
25.1.2025

தம்பி,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். எப்போதிலிருந்து?

நைனா எழுபது வயதில் தானாக விரும்பிப் பௌத்தரானார். குடம் உடைக்க வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான். உன் தோளிலிருந்து பிடுங்கச் சொன்னது அவரில்லை.

நீ வராவிட்டால் என்ன செய்வது என்று பிக்குவைக் கேட்டேன். "தண்ணி ஒரு அடையாளந்தான். கோவத்தோட குடுத்தா அவருக்கு எதைப் பங்கு வைப்பே?" என்றார். வாயில் பறிக்கூடையைக் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்து நம்மைப் படிக்க வைத்த மனிதர். அவருக்கு நான் கோபத்தையா ஊற்றுவது? நாள் நெருங்க நெருங்கப் பயமாக இருக்கிறது. நேற்று வெறும் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். அதுவும் பாதி வெளியேதான் கொட்டியது.

கெண்டியைத் தொட உனக்கு மனமில்லையென்றால் விடு. ஊற்றுகிறவன் தோளைத் தொட்டால் போதும். தொட்டவருக்கும் அதில் பங்கு உண்டு.

தேவேந்திரன்


பழவேற்காடு
11.2.2025

தம்பி,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானம் முடிந்தது. "இன்னா வாத்தியாரே, அந்தச் சாமி துன்னா ஒங்க நைனாவுக்கு ஏப்பம் வருமா?" என்று கேட்டபடியே குப்பம்மா பெரியம்மா மூன்றாம் முறை சாம்பார் வாங்கிக்கொண்டாள்.

ஒன்று கேட்கவே எழுதுகிறேன். ஊற்ற ஆரம்பித்ததும் கை நடுங்கியது. அப்போது என் தோளில் ஒரு கை பட்டது. நீர் அறுந்துவிடுமோ என்று நான் திரும்பவில்லை. நடுக்கம் நின்றது. பாத்திரம் நிரம்பி வழிந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் கூட்டம் சோற்றுக்கு எழுந்துவிட்டது.

அது நீதானே? ஆம் என்று ஒரு வரி எழுது. வேறெதுவும் வேண்டாம்.

தேவேந்திரன்


காட்டுப்பள்ளி
16.2.2025

அண்ணனுக்கு,

நான் இல்லை. அது சுதாவின் கை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவளாகத்தான் கிளம்பினாள். புருஷனுக்கு அண்ணன், மச்சாண்டார் தோளைத் தொடலாமா என்று வழியெல்லாம் யோசித்தாள். "ஒன் கை போவாத எடத்துக்கு என் கையாவது போவட்டும்" என்று கடைசியில் சொன்னாள். பைக்கில் கொண்டுவந்து விட்டது நான். "ஒங்க அண்ணன் இன்னா, கடிச்சா துன்னப் போறாரு? உள்ள வாய்யா" என்று கூப்பிட்டும் பார்த்தாள். நான் வாசலுக்கு எதிரே ஏரிக்கரையிலேயே நின்றுவிட்டேன். உன் கை நடுங்கியது அங்கிருந்தே தெரிந்தது. பாத்திரம் வழிகிற வரை நின்றேன்.

நவம்பரில் வருஷ தானம் வருமே, அதற்கு வருகிறேன். ஆனால் கெண்டியை நான்தான் பிடிப்பேன். நீ பின்னால் நின்று என் தோளைத் தொட வேண்டும். பாதியில் பிடுங்கக் கூடாது.

போனில் உனக்கு வைத்த தடையை இன்னும் எடுக்கவில்லை. கடிதமே போடு.

சின்னதம்பி


பழவேற்காடு
20.2.2025

தம்பிக்கு,

நவம்பருக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. அதற்குள் உன் மனம் மாறிவிடுமோ என்று இப்போதே கவலையாக இருக்கிறது. டியூட்டி என்று சாக்குச் சொல்லாதே. லீவை முன்கூட்டியே எழுதிக் கொடு. சுதாவிடம் நான் சொன்னதாக... வேண்டாம், நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

கெண்டியைப் புளி போட்டுத் துலக்கி எடுத்து வைத்துவிட்டேன். நிரப்பினால் கனக்கும். இரண்டு கையாலும் பிடி.

நான் உன் இடது தோளைத் தொடுவேன். குடம் இருந்தது அங்கேதான்.

அண்ணன்
தேவேந்திரன்