கண்ணாடியில் நான்காவது அம்பு

மச்சான்,

இன்று காலை வினாகிரியில் நனைத்த பத்திரிகைத் தாளைக் கையில் எடுத்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பகேரியா வீட்டில் நீ துடைத்த கண்ணாடிக் கதவுகளை இப்போது நான்தான் துடைக்கிறேன். நீ செத்துப்போனதை வீட்டுக்கார சிஞ்ஞோரா இன்னும் தன் தகப்பனிடம் சொல்லவில்லை. எனக்கும் வாய் வரவில்லை. கிழவர் தினமும் வாசலைப் பார்த்தபடி இருக்கிறார்.

அந்த வேலைக்கு உன்னைச் சொல்லிவிட்டவன் நான். வன்னியில் கணிதம் படிப்பித்த உனக்கு இத்தாலியன் பத்துச் சொல்கூட வராது. இரண்டாம் நாளே சிஞ்ஞோரா போனில் கத்தினார். பாரிசவாதத்தில் பேச்சிழந்த தகப்பன், பழைய கணிதப் பேராசிரியர், கதவுக் கண்ணாடியில் எழுதி வைத்ததில் நீயும் பேனையால் கீறிவிட்டாயாம். பெர்மெசோ, அந்த வதிவிட அனுமதி, புதுப்பிக்க அந்த வேலை உனக்கு வேண்டும். மன்னிப்புக் கேட்க ஓடிவந்தேன்.

"துடைக்கச் சொன்னா துடைக்க வேண்டியதுதானே. ஏன் கீறினனீ?"

"ஒரு அம்பு குறைஞ்சு கிடந்தது" என்றாய், ஒன்றும் நடக்காதவன் மாதிரி.

கிழவர் அந்த அம்பில் விரலை வைத்தபடி அழுதுகொண்டிருந்தார். பிறகு பேனையை எடுத்து வேறொன்று கீறினார். நீ பதில் கீறினாய். மத்தியானம்வரை ஒரு சொல் இல்லாமல் இருவரும் கதைத்தீர்கள். அதைப் பார்த்த சிஞ்ஞோரா உன்னை அடுத்த நாளும் வரச் சொன்னார். வேலை தப்பியது. இப்படியும் ஒரு பாஷை இருக்கிறதா என்று எனக்கு மேல் சிலிர்த்தது.

திரும்பும் ரயிலில், ஆவி படிந்த ஜன்னலில் நான்கு அம்புகளால் ஒரு சதுரம் கீறினாய்.

"கணிதத்தில சார்பு எண்டா ஒரு பயணம்தான். மூண்டை இரட்டிச்சா ஆறு, அதை இத்தாலியனில சொன்னா சேய். இல்லாட்டி மூண்டை முதல் இத்தாலியனாக்கு, த்ரே. அதை இரட்டி. அதே சேய். எந்தப் பக்கத்தால போனாலும் ஒரே மூலைக்குத்தான் வரும்."

"இதுதான் நீ அடிக்கடி சொல்லுற கேட்டகரி தியரியோ?"

"ஓம், அதின்ர வாசல். பொருள் என்னவெண்டு பார்க்கிறேல்லை. எதிலயிருந்து எதுக்குப் போகுது எண்டுதான் பார்க்கிறது."

ஒரேத்தோ தெருவிலிருந்த என் வீட்டுக்கு வந்தும் எனக்கு நித்திரை வரவில்லை. ஜன்னலில் இருந்த அந்தச் சதுரம்தான் கண்ணுக்குள் நின்றது.

இன்று கிழவர் நான் துடைத்த கண்ணாடியில் மூன்று அம்புகளைக் கீறிவிட்டுப் பேனையை நீட்டினார். இரண்டு வழியையும் விரலால் நடந்து பார்த்தேன். நான்காவதைக் கீறினேன். இடம் சரி, கோடுதான் கோணல். அவர் அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்தார். அது உன் கை இல்லை, நீ இனி வரமாட்டாய் என்று அவருக்கு விளங்கிவிட்டது. பிறகு வாசலைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த கணிதம் அந்த ஒரு அம்புதான், மச்சான். மற்றக் கதவுகளைத் துடைத்துவிட்டேன். அதை மட்டும் விட்டுவிட்டு வந்தேன்.