மீன்தொட்டியும் டீ வடிகட்டியும்

தம்பி மனைவிக்கு நாத்தனார் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் மீன்களைத் தவிர.

உன் மகள் குட்டி ஏன் போனுக்கு வருவதில்லை என்று அங்கே உன்னோடு இருக்கிற தம்பியிடம் அழுது அழுது கேட்கிறாயாம். போனில் சொன்னால் பாதியிலேயே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவாய், எனக்கு எரிச்சல் வரும். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

வெளியூரில் பெரிய வேலை கிடைத்துவிட்டது என்று நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, குட்டி கையில் ஒரு டீ வடிகட்டியைக் கொடுத்தாய். தொட்டியில் மிதக்கிற செடியை வாராவாரம் பாதி அள்ளிப் போடணும், அப்போதுதான் அடியில் மண்ணில் ஊன்றிய செடிக்கு வெளிச்சம் போகும், அது பச்சையாக இருந்தால்தான் மீன் மூச்சு விடும், நீ ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அம்மா சீக்கிரம் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய உத்தியோகம்! அவளும் மகராசி, முக்காலி போட்டு ஏறி, நாக்கைத் துருத்திக்கொண்டு அள்ளுவாள். அம்மா தொட்டியை யாரும் தொடக்கூடாது என்று எனக்கே உத்தரவு. சோறு ஊட்டுவது நான், தலை பின்னுவது நான், காய்ச்சல் வந்தால் கண்விழிப்பது நான். பேச்செல்லாம் அம்மா, அம்மா. வயிறு எரிந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

வடிகட்டியை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டு, தொலைந்துவிட்டது என்றேன். மிதக்கிற செடி சும்மா இருக்குமா? தண்ணீரே தெரியாமல் மூடிக்கொண்டது. குட்டி கையாலேயே அள்ளப் பார்த்தாள். வழுக்கி விழுந்து தொலைக்கப் போகிறாய் என்று முக்காலியையும் எடுத்துவிட்டேன். கீழே இருட்டில் உன் நாடா இலைச் செடிகள் பழுத்து, கூழாகி, நாறத் தொடங்கின. ஒரு நாள் காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பள்ளிக்கூடம் விட்டு வந்து குட்டி பார்த்தபோது ஒன்று மிச்சமில்லை, எல்லாம் மல்லாந்து கிடந்தன.

அவள் அழவில்லை. நான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லையா அத்தை, அம்மா இனி வரமாட்டார்களா என்று கேட்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொடுத்தேன். அன்றிலிருந்து போன் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள்.

தம்பியிடம் இந்தக் கடிதத்தைத் தாராளமாகக் காட்டு, யார் வேண்டாம் என்றது? அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். ஒரு வடிகட்டிக்காகவா அக்காவோடு சண்டை பிடிப்பது என்று உன்னைத்தான் திட்டுவான்.

அம்மாவுக்குக் கோபம் இல்லை கண்ணு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், போனுக்கு ஓடி வந்துவிடுவாள். சொல்ல மாட்டேன். இப்போதெல்லாம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். உனக்கு வேலை இருக்கிறது, இன்னொரு பிள்ளை பிறக்கவும் வயசு இருக்கிறது. எனக்கு யார் இருக்கிறார்கள், சொல்?

தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வடிகட்டியில் இப்போது டீ வடிகட்டுகிறேன். வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். நீ நல்லா இருக்கணும். அங்கேயே நல்லா இருக்கணும்.

உன் குட்டியின்
அத்தை